பிஎச்டி ப்ரொபோசல் எங்கே இடறுகிறது? அறிகுறியை வைத்துப் பழுது பார்க்கும் வழி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய ஆய்வு முன்மொழிவு எடுபடவில்லை என்றால் பலரும் முதலில் கை வைப்பது மொழியில். வாக்கியங்களை மெருகேற்றி, கனமான சொற்களைச் சேர்த்து, மறுபடி அனுப்புகிறார்கள். மறுபடி அதே பதில்தான் வருகிறது. பழுது மொழியில் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஆய்வுக் கேள்வியிலோ, கேள்விக்கும் செய்முறைக்கும் நடுவில் உள்ள இணைப்பிலோதான் அது இருக்கிறது.

உங்களுக்கு வந்த பதில் எந்த அறிகுறியோடு ஒத்துப்போகிறதோ அந்தப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் வருவது அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய காரணம், கடைசியில் வருவது வாரக்கணக்கில் வேலை வைப்பது. வரிசையைத் தாண்டாதீர்கள். தலைப்பில் இருக்கும் கோளாறுக்காக ஆய்வுமுறை முழுவதையும் மாற்றி எழுதி இரண்டு மாதத்தைத் தொலைப்பவர்கள் நிறைய. கை வைப்பதற்கு முன் பழைய வடிவத்தைத் தேதியிட்டுத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

விளக்கத்துக்கு ஒரே எடுத்துக்காட்டு கடைசி வரை வருகிறது: பதின்வயதினர் இரவில் கைபேசி பார்ப்பதும் அவர்களின் தூக்கமும். ஆய்வகத் துறையினருக்காக இடையில் ஒரு சூரியமின்கல எடுத்துக்காட்டும் உண்டு.

## அறிகுறி 1: ஓரிரு நாளிலேயே நிராகரிப்பு, காரணம் எதுவும் சொல்லவில்லை

யாரும் படிக்காமலே திரும்பியிருக்கிறது என்று பொருள். உள்ளடக்கத்தைத் தொடாதீர்கள்.

அளவும் வடிவமும். 1,500 சொல் கேட்ட இடத்தில் 2,400 சொல் போயிருக்கிறதா? மேற்கோள் பட்டியல் சொல் எண்ணிக்கையில் சேருமா சேராதா என்பதை அந்தத் துறையின் பக்கத்திலேயே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுவான பக்கத்தில் ஒரு அளவும் துறையின் பக்கத்தில் வேறொரு அளவும் இருந்தால் துறை சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

கேட்காத ஆவணத்தை அனுப்பியது. நினைப்பதைவிட இது அதிகம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலான துறைகள் விண்ணப்பத்தோடு முன்மொழிவு கேட்கும். அமெரிக்காவில் பல துறைகள் கேட்பது ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ். உங்கள் ஆர்வம், இதுவரை செய்த ஆய்வு, யாரோடு வேலை செய்ய விரும்புகிறீர்கள், ஏன் என்பதுதான் அதில் வர வேண்டும். முழு முன்மொழிவு அங்கே சேர்ந்த பிறகு, பாடநெறிகள் முடிந்து எழுதப்படுவது. ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் பிஎச்டி இடங்கள் பெரும்பாலும் சம்பளம் உள்ள வேலையாக விளம்பரமாகின்றன. திட்டம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அங்கே சொந்தமாக ஒரு திட்டத்தை அனுப்பினால் விளம்பரத்தைப் படிக்கவில்லை என்றே நினைப்பார்கள். ஜெர்மனியில் தனி நெறியாளரின் கீழ் சேர்வதென்றால் எக்ஸ்போசே என்ற பெயரில் கேட்பார்கள், கட்டமைக்கப்பட்ட பட்டதாரிப் பள்ளிகளில் நடைமுறை வேறு. ஜப்பான் அரசு தரும் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தனிப் படிவம் இருக்கிறது, உங்கள் பிடிஎஃப்பை அப்படியே இணைத்தால் போதாது.

தகுதி விதி. ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மரி கியூரி முனைவர் வலையமைப்புகளில் (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்டி இடங்கள் தரும் திட்டம்) ஒரு விதி பலரைத் தடுக்கிறது: பணியில் சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கவோ முதன்மையான வேலையோ படிப்போ அங்கே செய்திருக்கவோ கூடாது. அதே நாட்டில் முதுகலை படித்து முடித்த கையோடு விண்ணப்பித்தால் முன்மொழிவு எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் இல்லை. இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, வேறு நாட்டில் உள்ள இடத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

## அறிகுறி 2: நெறியாளரிடமிருந்து பதிலே இல்லை

மின்னஞ்சலின் தலைப்பு வரி. "பிஎச்டி வாய்ப்பு குறித்து" என்ற வரி அவர்களுக்குத் தினமும் வருகிறது. எந்த ஆண்டுச் சேர்க்கை, என்ன பொருள், பணம் எங்கிருந்து என்ற மூன்றும் அந்த ஒரு வரியிலேயே தெரிய வேண்டும். உடலில் 150 முதல் 200 சொற்கள். இணைப்பாக ஒரு பக்கச் சுருக்கமும் தன்விவரமும் போதும், முழு முன்மொழிவைக் கேட்டால் அனுப்பலாம். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். "ஃபைனல் 3" என்ற பெயரில் வந்த கோப்பை அடுத்த வாரம் தேடினால் அவர்களுக்குக் கிடைக்காது.

நினைவூட்டல். 10 முதல் 14 நாள் பொறுத்து, அதே இழையில் இரண்டு வரி. ஒருமுறை மட்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

தவறான ஆள். அவருடைய பெயருக்கு முன் எமிரிட்டஸ் என்று இருக்கிறதா? ஓய்வு பெற்றவர், பொதுவாகப் புதிய மாணவரை எடுக்க மாட்டார். ஓராண்டு ஆய்வு விடுப்பில் இருக்கிறாரா? கடைசி 3 ஆண்டுகளில் வந்த அவருடைய பேப்பர்களில் உங்கள் பொருள் இருக்கிறதா? 10 ஆண்டுக்கு முந்தைய புகழ்பெற்ற பேப்பரைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் பலர். அவரோ அந்தப் பாதையை எப்போதோ விட்டிருப்பார்.

பொருத்தம் கண்ணுக்குத் தெரியவில்லை. "உங்கள் ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தன" என்ற வரியை எடுத்துவிட்டு, அவருடைய ஒரு குறிப்பிட்ட முடிவைச் சொல்லி, உங்கள் கேள்வி அதில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். அப்படி இரண்டு வாக்கியம் எழுத வரவில்லையா? அவர் உங்களுக்கான நெறியாளர் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை வேறு இல்லை.

ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். அவர்கள் ஒரே தாழ்வாரத்தில் உட்காருகிறவர்கள்.

## அறிகுறி 3: "சுவாரஸ்யமான பொருள், ஆனால் மிகவும் விரிவாக இருக்கிறது"

அடிக்கடி வரும் பழுது இதுதான், முழுமையாகச் சரிசெய்யக்கூடியதும் இதுதான். அகலக்கால் வைத்த முன்மொழிவு என்று நெறியாளர் மென்மையாகச் சொல்கிறார்.

முதல் காரணம் தலைப்பாக இருக்கலாம், கேள்வி உள்ளே சரியாகவே இருக்கலாம். சோதிப்பது எளிது: தலைப்பை மறைத்துவிட்டுத் துறை தெரிந்த ஒருவரிடம் ஆய்வுக் கேள்விகளை மட்டும் காட்டி, தலைப்பு என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் தலைப்பைவிடக் குறுகலாக இருந்தால் தலைப்பை மாற்றினால் போதும்.

அவராலும் சொல்ல முடியவில்லை என்றால் கேள்வியே பொருளாகத்தான் இருக்கிறது, கேள்வியாக ஆகவில்லை. அதை இப்படி இறுக்குங்கள்.

தொடக்கம்: "சமூக ஊடகமும் இளையோர் மனநலமும்."

இளையோர் என்றால் யார்? 13 முதல் 15 வயதுப் பள்ளி மாணவர்கள். சமூக ஊடகம் என்றால் எது? எந்தச் செயலி என்பதைவிட எந்த நேரம் என்பது முக்கியமாக இருக்கலாம், ஆகவே இரவு 10 மணிக்கு மேல் திரை எரிந்த நிமிடங்கள். மனநலம் என்றால் எதை அளப்போம்? மனநலம் முழுவதையும் ஒரு பிஎச்டியில் அளக்க முடியாது. தூங்கிய நேரத்தை அளக்கலாம், மறுநாள் கவனத்தை அளக்கலாம். எதோடு ஒப்பிடுவது? அதே மாணவர் கைபேசி பார்க்காத இரவோடு. எவ்வளவு காலம்? பள்ளி நாளும் விடுமுறை நாளும் கலந்த 14 இரவுகள்.

முடிவு: "13 முதல் 15 வயது மாணவர்கள் இரவு 10 மணிக்கு மேல் கைபேசியில் செலவிடும் நேரம் அன்றைய தூக்கத்தை எவ்வளவு குறைக்கிறது? அந்தக் குறைவு மறுநாள் காலை கவனத்தைப் பாதிக்கிறதா?"

இந்த இரண்டு வாக்கியத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் ஓர் அளவுகோலை எழுத முடிகிறது. நேரத்துக்குக் கைபேசியின் சொந்தத் திரைநேரப் பதிவு. தூக்கத்துக்கு மணிக்கட்டில் கட்டும், உடல் அசைவைப் பதியும் ஆக்டிகிராஃப் கருவி. கவனத்துக்கு, திரையில் குறி தெரிந்ததும் எவ்வளவு விரைவாக அழுத்துகிறார் என்று பார்க்கும் 10 நிமிட சைக்கோமோட்டர் விஜிலன்ஸ் சோதனை. உங்கள் கேள்வியிலும் இதைச் செய்து பாருங்கள். பக்கத்தில் எதுவும் எழுத வராத சொல்தான் இன்னும் பெருத்திருக்கும் சொல்.

மானுடவியல், வரலாறு, இலக்கியத் துறைகளில் அளவுகோல் என்ற சொல் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எதிரே சான்றை எழுதுங்கள்: எந்த ஆவணக் காப்பகம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த நூல்கள், யாருடைய நேர்காணல்கள்.

கேள்விகள் நான்குக்கு மேல் இருந்தால் அதுவும் இதே பழுதின் இன்னொரு முகம். எல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்புடையவைதான் என்று மனம் வாதாடும். எந்தக் கேள்வியை எடுத்துவிட்டாலும் மற்றவை நிற்கின்றனவோ அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்று முறை இறுக்கியும் அதே பதில் வந்தால் இது எழுத்துப் பிரச்சினை இல்லை. முதுகலை நெறியாளரோ, அந்தத் துறையில் பிஎச்டி முடித்த ஒருவரோ உங்களோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

## அறிகுறி 4: "இதில் புதிதாக என்ன இருக்கிறது?"

"இதுவரை யாரும் ஆராயவில்லை" என்ற வரி. முன்மொழிவில் இந்த வரியைத் தேடி நீக்குங்கள். யாரும் ஆராயாததற்கு அது ஆராயத் தகுதியில்லாததும் காரணமாக இருக்கலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். போதாததற்கு, மதிப்பீட்டாளர் ஒரே ஒரு பேப்பரைக் கண்டுபிடித்துவிட்டால் முழு முன்மொழிவின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

அதற்குப் பதிலாக முந்தைய ஆய்வுகள் எந்தப் படியில் நின்றன, ஏன் நின்றன என்று சொல்லுங்கள். நம் எடுத்துக்காட்டில்: "முந்தைய ஆய்வுகளில் பல, மாணவர்கள் தாமே நினைவிலிருந்து சொன்ன திரைநேரத்தை நம்பின. சொல்லும் நேரமும் கருவி பதிந்த நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே தூக்கத்தின் மேல் தாக்கம் உண்மையில் எவ்வளவு என்பது தெளிவாகவில்லை. இந்த ஆய்வு இரண்டையும் கருவியால் அளக்கிறது." இடைவெளி, அதன் காரணம், நீங்கள் அடைக்கப்போகும் விதம் என்று மூன்றும் அந்த நான்கு வாக்கியத்தில் வந்துவிட்டன.

தேடல் போதவில்லை. ஒரே ஒரு சொல்லை வைத்துத் தேடியிருப்பீர்கள். அடலசென்ட், டீனேஜர், யூத், ஸ்டூடன்ட் என்று ஒரே ஆளுக்குத் துறைக்குத் துறை பெயர் மாறுகிறது. ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ், பப்மெட் போன்ற தரவுத்தளங்களில் இரண்டிலாவது, மாற்றுச் சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பொருளில் மிக முக்கியமான மூன்று பேப்பர்களை கூகுள் ஸ்காலரில் திறந்து, அவற்றை மேற்கோள் காட்டியவை என்ற இணைப்பை அழுத்தி, கடைசி 2 ஆண்டுகளில் வந்தவற்றை மட்டும் பாருங்கள். பின்னோக்கித் தேடுவதை எல்லோரும் செய்கிறார்கள். முன்னோக்கித் தேடாததால்தான் போன வருடம் வந்த பேப்பர் தவறிப்போகிறது.

அச்சுக்கு வராதவற்றையும் விட்டுவிடாதீர்கள். முன்அச்சுக்கு (ஜர்னலில் வருவதற்கு முன்பே ஆசிரியர்கள் வெளியிடும் பேப்பர்) ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ். ஆய்வேடுகளுக்கு ப்ரோக்வெஸ்ட், டார்ட் யூரோப். நடந்துகொண்டிருக்கும் முறைப்படியான இலக்கிய மீளாய்வுகளுக்கு ப்ராஸ்பெரோ, முன்பதிவு செய்த ஆய்வுத் திட்டங்களுக்கு ஓஎஸ்எஃப். உங்கள் கேள்வியே அங்கே யாரோ பதிந்து வைத்திருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையிலேயே செய்து முடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததும் முழுவதையும் தூக்கிப் போடத் தோன்றும். பொறுங்கள். அந்தப் பேப்பரின் கடைசிப் பகுதியில் வரம்புகள் என்று ஒரு பத்தி இருக்கும். எதைச் செய்ய முடியவில்லை என்று ஆசிரியர்களே எழுதியிருப்பார்கள். உங்கள் கேள்வியில் பாதி அங்கே உயிரோடு இருக்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: நூலகரை. பல்கலைக்கழக நூலகத்தில் துறைவாரியாகத் தரவுத்தளத் தேடலுக்கு உதவுகிறவர் இருந்தால் அவரோடு கழிக்கும் ஒரு மணி நேரம் நீங்கள் தனியாகத் தேடும் ஒரு வாரத்துக்குச் சமம். இந்த உதவியைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தம்.

## அறிகுறி 5: "எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று புரியவில்லை"

ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆய்வுக் கேள்வி, நடுவில் அதற்கு வேண்டிய தரவு, வலப்பக்கம் அந்தத் தரவை என்ன செய்வீர்கள் என்பது. முன்மொழிவைப் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள், நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். பழுது எங்கே என்று இந்தத் தாளே காட்டிவிடும்.

நடுப் பத்தியில் தரவு இருக்கிறது, இடப்பக்கம் கேள்வி இல்லை. தேவையில்லாத தரவு. "கூடவே 20 ஆசிரியர்களையும் நேர்காணல் செய்வோம்" என்ற வகை. நீக்குங்கள்.

வலப்பக்கத்தில் மென்பொருளின் பெயர் மட்டும் இருக்கிறது. "எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) கொண்டு பகுப்பாய்வு செய்யப்படும்" என்பது "பேனாவால் எழுதப்படும்" என்பதற்குச் சமம். எந்தப் பகுப்பாய்வு, ஏன் அது? ஒரே மாணவரிடம் 14 இரவுகள் அளக்கும்போது அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை, ஆகவே ஒவ்வொரு அளவும் தனித்தது என்று கொள்ளும் சாதாரண ரிக்ரெஷன் பொருந்தாது, ஒரே ஆளின் அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும் கலப்பு விளைவு மாதிரி வேண்டும். இந்த ஒரு வாக்கியம் எழுதினாலே இவருக்கு வேலை தெரியும் என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார்.

மாதிரி அளவுக்குக் காரணம் இல்லை. "100 பேர்" என்று வட்டமாக எழுதினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் எளிய ஆய்வில், எதிர்பார்க்கும் வேறுபாடு நடுத்தரமாக, அதாவது கோஹன் டி (சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்த எண்) 0.5 ஆக இருந்து, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் பிழை வாய்ப்பு இருபக்கமாக 0.05, இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வேறுபாடு 0.2 ஆகச் சிறுத்தால் குழுவுக்கு 394 பேர். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் இது 5 நிமிட வேலை. 15 சதவீதம் பேர் நடுவில் விலகுவார்கள் என்று வைத்தால் 64ஐ 0.85ஆல் வகுத்து 76 பேரைச் சேர்க்க வேண்டும். பலர் 64ஓடு அதன் 15 சதவீதத்தைக் கூட்டி 74 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 74இல் 15 சதவீதம் போனால் 63தான் மிஞ்சும்.

மாணவர்களை வகுப்பு வகுப்பாகச் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. ஒரே வகுப்பில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். வகுப்புக்கு 20 பேர், உள்வகுப்புத் தொடர்பு (அந்த ஒற்றுமையின் அளவு) 0.05 என்றால் மாதிரி அளவைப் பெருக்கும் எண் 1.95. 64 பேர் ஏறக்குறைய 125 ஆகிவிடும். இந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் புள்ளியியலாளரிடம் போங்கள். இணையத்தில் கிடைக்கும் சூத்திரத்தை வைத்து நீங்களே முடிக்கப் பார்க்காதீர்கள், தரவைச் சேகரித்து முடித்த பிறகு இந்தப் பிழையைத் திருத்த வழியே இல்லை.

எண்களை விட்டு நேர்காணல், கவனிப்பு போன்றவற்றை நம்பும் பண்புசார் ஆய்வில் இந்தக் கணக்கு கிடையாது. எத்தனை பேர் என்பதைவிட ஏன் இவர்கள் என்பதும், எப்போது நிறுத்துவீர்கள் என்பதும்தான் கேள்வி. "நிறைவு எட்டும் வரை" (புதிதாக எதுவும் வராத நிலை வரை) என்று மட்டும் எழுதாமல், நிறைவு எட்டியது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தரவு உங்கள் கையில் இல்லை. இதுதான் விலை அதிகமான பழுது. பள்ளிகள் அனுமதிக்குமா? பெற்றோர் சம்மதமும் மாணவரின் ஒப்புதலும் தனித்தனியாக வேண்டும், ஏனென்றால் இவர்கள் 18 வயதுக்குக் கீழ். அறநெறிக் குழு இதைக் கூர்ந்து பார்க்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களின் தரவு என்றால் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். காப்பகமோ நிறுவனமோ மருத்துவமனையோ, யாருடைய அனுமதி வேண்டுமோ அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் பதிலாவது வாங்கி, "கொள்கையளவில் சம்மதம் பெறப்பட்டுள்ளது" என்று எழுத முடிந்தால் போட்டியில் உள்ள பல முன்மொழிவுகளை அந்த ஒரு வரி தாண்டிவிடும். அனுமதி கிடைக்காவிட்டால் மாற்றுத் தரவு எது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 6: "மூன்று ஆண்டுகளில் முடியாது"

கால அட்டவணை வரைந்திருப்பீர்கள். ஆனால் மணிக்கணக்கில் கூட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 40 நேர்காணல் என்றால் 160 முதல் 240 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் காதும் கையும் ஒத்துழைக்காது. ஆக 40 முதல் 60 வேலை நாள், அதாவது இரண்டு முதல் மூன்று மாதம், எழுத்தாக்கத்துக்கு மட்டும். தானியங்கி மென்பொருள் நேரத்தைக் குறைக்கும், ஆனால் கேட்டுச் சரிபார்க்கும் வேலை இருக்கத்தான் செய்யும்.

ஆய்வகத்தில் கருவிதான் காலத்தை முடிவு செய்கிறது. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரியமின்கலம் ஈரத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க, சூரியமின் தகடுகளுக்கான ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தரநிலையின் ஈர வெப்பச் சோதனையை எடுத்துக்கொண்டால் 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். அது ஏறக்குறைய 42 நாள். ஐந்து கலவைகள், ஒவ்வொன்றும் மூன்று தடவை, ஒரு தடவைக்கு ஒரு கலவை என்றால் 15 சுற்று, 630 நாள், கிட்டத்தட்ட 21 மாதம். ஐந்தையும் ஒரே அறையில் ஒன்றாக வைத்தால் மூன்று சுற்று, 126 நாள். இரண்டும் ஒரே சோதனைதான். முதலாவது ஆய்வை மூழ்கடிக்கும், இரண்டாவது அதைக் கரைசேர்க்கும். அந்தச் சோதனை அறை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதால் மற்றவர்கள் பதிவு செய்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அட்டவணையில் இவை இல்லாவிட்டால் சேருங்கள்: அறநெறி அனுமதிக்கு சில மாதங்கள் (குழந்தைகள், நோயாளிகள் என்றால் கூடுதலாக), முன்னோட்ட ஆய்வு, பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மதிப்பீடு, கடைசி 6 முதல் 9 மாதம் எழுத மட்டும். எல்லாக் கட்டங்களும் ஒன்று முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்குவதாக வரைந்திருந்தால் அந்த அட்டவணையை யாரும் நம்ப மாட்டார்கள்.

கூட்டிப் பார்த்து 36 மாதத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டுவதாக எழுதாதீர்கள். ஒரு கேள்வியையோ ஒரு களத்தையோ விட்டுவிடுங்கள். எதை விட்டீர்கள், ஏன் என்று ஒரு வரியில் சொல்வது பலவீனமாகப் படாது.

## அறிகுறி 7: ஒப்புமை அறிக்கையில் (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் வரிகளைக் காட்டுவது) அல்லது செயற்கை நுண்ணறிவுச் சோதனையில் சிக்கியது

முதலில் அறிக்கையைத் திறந்து எந்த வரிகள் என்று பாருங்கள், சதவீதத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். மேற்கோள் பட்டியலும் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் சோதனைப் பெயர்களும் நிறமேறியிருந்தால் கவலை இல்லை. உங்கள் முதுகலை ஆய்வேட்டிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்திருந்தால் அது உங்களுடையதே ஆனாலும் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, இல்லாத பேப்பரை மேற்கோள் காட்டுவது. சாட்பாட் தந்த மேற்கோள்களில் ஆசிரியர் உண்மையாக, ஜர்னல் உண்மையாக, பேப்பர் மட்டும் பொய்யாக இருப்பது உண்டு. ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் (பேப்பருக்கான நிலையான அடையாள எண்) அதற்கான தளத்தில் இட்டுத் திறந்து பாருங்கள். திறந்த பேப்பர் நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறதா என்று சுருக்கத்தையாவது படியுங்கள். 40 மேற்கோளுக்கு ஒரு பிற்பகல் ஆகும். மேற்கோள்களை நிர்வகிக்கும் ஜோட்டெரோ மென்பொருளில் சேமித்து வைத்தால், திரும்பப் பெறப்பட்ட பேப்பர் இருந்தால் அதுவே எச்சரிக்கும்.

பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டால் பழைய வரைவுகளைத் தேதியோடு காட்டுங்கள். தொடக்கத்தில் சேமிக்கச் சொன்ன கோப்புகள் இங்கே கைகொடுக்கும்.

## அறிகுறி 8: நேர்காணல் வரை போய் அங்கே விழுகிறது

ஆவணம் சரி, அதற்கும் உங்களுக்கும் இடையில்தான் பழுது. மூன்று கேள்விகளுக்குத் தாளைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம், குரலைப் பதிவு செய்து. ஏன் இந்த முறை, வேறொன்று ஏன் இல்லை? எதிர்பார்த்த தாக்கம் எதுவும் இல்லை என்று வந்தால் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும்? முதல் 6 மாதத்தில் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "கண்டிப்பாகத் தாக்கம் இருக்கும்" என்பது பதில் ஆகாது. "பதிவுக் கருவியால் அளந்தும் தாக்கம் இல்லை என்று வந்தால், முந்தைய முடிவுகள் சுயமாகச் சொன்ன தரவினால் வந்தவையா என்ற கேள்விக்கு அதுவே சான்று" என்பதுதான் பதில். இப்படி ஒரு பதில் உங்கள் திட்டத்தில் கிடைக்கவில்லை என்றால் அறிகுறி 3க்குத் திரும்புங்கள், கேள்வியின் அமைப்பிலேயே குறை இருக்கிறது.

பணம் கொடுத்து வேறொருவரை எழுத வைத்த முன்மொழிவு அம்பலமாவதும் இந்த இடத்தில்தான். மொழியைச் செப்பனிட ஒரு பதிப்பாசிரியரை அமர்த்துவது வேறு. பல பல்கலைக்கழகங்கள் ஓர் எல்லைவரை அதை அனுமதிக்கின்றன, அந்த எல்லையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கேள்வியையும் முறையையும் உருவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்சியை நம்பாதீர்கள்.

## அறிகுறி 9: இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை

கடைசித் தேதி. உதவித்தொகையின் தேதி சேர்க்கைத் தேதிக்குப் பல மாதம் முன்னால் இருப்பது சாதாரணம். நாட்காட்டியில் முதலில் அதைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்களுக்குக் குறைந்தது 4 வாரம்.

படிப்பவர் வேறு. நெறியாளருக்கு எழுதிய அதே முன்மொழிவு, பல துறையினர் உட்கார்ந்த குழுவிடம் போயிருக்கும். முதல் பத்தியை மட்டும் உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். படித்து முடித்ததும் "எதைக் கண்டுபிடிக்கப் போகிறார், தெரிந்தால் யாருக்கு என்ன பயன்?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் அந்தப் பத்தியை மாற்றுங்கள், மீதியைத் தொட வேண்டாம்.

அளவுகோலைப் படிக்கவில்லை. காமன்வெல்த் உதவித்தொகையில் கல்வித் தகுதி, திட்டத்தின் தரம் ஆகியவற்றோடு வளர்ச்சிக்கான பயனும் எடைபோடப்படுகிறது. அதற்கு "சமூகத்துக்குப் பெரிதும் பயன்படும்" என்ற ஒரு வரி போதாது. எந்த அமைப்பு, எந்த முடிவை எடுக்கும்போது உங்கள் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் என்று எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில்: பள்ளி தொடங்கும் நேரத்தையும் கைபேசி விதிகளையும் வகுக்கும் கல்வித் துறை.

## அறிகுறி 10: எல்லாம் சரிபார்த்தும் தொடர்ந்து நிராகரிப்பு

ஐந்தாறு இடங்களிலிருந்து வந்த பதில்களை ஒரே பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். "இந்த ஆண்டு இடமில்லை", "நிதி இல்லை" என்று பெரும்பாலும் இருந்தால் முன்மொழிவில் குறையில்லை. அதே ஆவணத்தை அடுத்த சுற்றில் அனுப்புங்கள். மாற்றி எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

ஒரே குறையை இரண்டு பேர் வெவ்வேறு சொற்களில் சொல்லியிருந்தால் அது உண்மையான குறை. அந்தப் பகுதிக்குப் போங்கள். எதுவும் சொல்லாமல் நிராகரித்தவர்களுக்கு, எந்தப் பகுதி பலவீனமாகப் பட்டது என்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டு மூன்று வரி எழுதலாம். எல்லோரும் பதில் தர மாட்டார்கள், தருகிறவர் சொல்வது பொன்.

பொருளையே மாற்றுவது கடைசி வழி. தரவு கிடைக்கவே வாய்ப்பில்லை, அல்லது அந்தத் துறையில் உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்ளும் நெறியாளர் எந்த நாட்டிலும் தட்டுப்படவில்லை என்ற இரண்டில் ஒன்று உறுதியானால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் பழைய முன்மொழிவிலிருந்து மூன்றை எடுத்துவையுங்கள்: மேற்கோள் நூலகம், மூன்று பத்தித் தாள், மணிக்கணக்கு. புதிய பொருளுக்கு இலக்கியத் தேடலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். தாளும் கணக்கும் பெயர்ச்சொற்களை மாற்றினால் வேலை செய்யும்.